மீன்கொத்தி அணியின் சமையல்காரர்

என் ராத்தாவின் கணவர் காலிதீன் மச்சான் உழவு மிசின் ஓட்டிக் கல்முனைக்குடியில் குடும்பம் நடத்தியவர். முன்கோபக்காரர், வாயும் கொஞ்சம் நீளம். அப்படிப்பட்ட மனிதர் சாரணர் பொடியன்களுக்குச் சோற்றுக் கிடாரம் சுமந்தார் என்றால் ஊரில் இன்னும் சிலர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவருடைய மகன் மசூர் பதினாலு வயதில் மீன்கொத்தி அணிக்குத் தலைவனானான். மொத்தம் ஆறு பேர். நாலு பேர் எங்கள் முஸ்லிமாக்கள். மற்ற இருவரும் தமிழாக்கள், பாண்டிருப்பில் இருந்த தபால் கந்தோர் அழகரெத்தினத்தின் பிள்ளைகள். சாரணர் மாஸ்டர் செபரட்ணம் சேர் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரே ஒரு சட்டம் சொன்னார். முகாமுக்குள் அணித்தலைவன் சொல்வதுதான் நடக்கும். உதவிக்கு வரும் தாய் தகப்பனும் அவனைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். மச்சான்தான் கையை உயர்த்தினார்.

"அங்க நான் வாப்பா இல்ல சேர், சமையல்காரன்" என்றார்.

சொன்னபடியே நடந்தார். எத்தனை சுண்டு அரிசி போடுவது என்று மகனிடம் கேட்டார். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் மசூர் கூடாரம் அடிப்பதைக் கண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மழையில் நனைந்த பிறகு அவன் தானாகவே இடம் மாற்றினான். அன்று மச்சானின் முகத்தில் இருந்த பெருமையை அவருடைய கலியாணத்தன்றுகூட நான் காணவில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு சித்திரை விடுமுறையில் சாய்ந்தமருதுக் கடற்கரைத் தென்னந்தோட்டத்தில் முகாம். உதவிக்கு மச்சானும் நானும். இரண்டாம் நாள் காலை சாமான் வாங்கக் கல்முனைக்குப் போன சேர் திரும்பி வரவில்லை. செய்திதான் வந்தது. தமிழாக்களும் முஸ்லிமாக்களும் அடிபடுகிறார்கள், றோட்டில் டயர் எரிகிறது, வாகனங்களை மறித்து ஆள் பார்க்கிறார்கள்.

மச்சான் எங்கள் பிள்ளைகள் நாலு பேரையும் முகாமுக்குச் சாமான் ஏற்றி வந்த தன் உழவு மிசினின் பின்பெட்டியில் ஏறச் சொன்னார். அழகரெத்தினத்தின் பிள்ளைகளிடம், "கடற்கரையால நடந்து போங்க மகன். பெட்டியில உங்களக் கண்டா எல்லாரையும் இறக்கிப்போடுவானுகள்" என்றார்.

மசூர் ஏறவில்லை. "ஆறு பேரும் ஒண்டாத்தான் வந்தம் வாப்பா. எங்கட ஆக்கள்ட கரை முடியும் மட்டும் நானும் அவங்களோட நடக்கிறன். மறிச்சா நான் கதைப்பன்."

அவன் சொன்னதுதான் சரி. அந்தக் கரையில் மிசின்காரர் காலிதீனின் மகனைத் தெரியாத தோணிக்காரர் இல்லை. எனக்கு அது அப்போதே விளங்கியது. ஆனாலும் நான் கிடாரத்தைத் தூக்கிப் பெட்டியில் ஏற்றினேன்.

"உன்ட வாப்பா சொல்றன், ஏறு" என்றார் மச்சான்.

மசூர் ஏறினான். அணிக்கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் திரும்பாமலே வந்தான்.

அந்தப் பிள்ளைகள் இருவரும் தோணிகளுக்கு இடையில் பதுங்கிப் பதுங்கிப் பொழுதுபடும் நேரம் வீடு சேர்ந்தார்கள் என்பது நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையைத்தானே காப்பாற்றினேன் என்று ராத்தாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை யாரும் குற்றம் சொல்லியிருக்கவில்லை.

ஏழு மாதம் கழித்துச் செபரட்ணம் சேர் வீடு தேடி வந்தார். கலவரத்தோடு நின்றுபோன சாரணர் குழுவை மறுபடி தொடங்கப்போகிறாராம். மசூரே தலைவனாக வேண்டும் என்று முதலில் கேட்டது அழகரெத்தினத்தின் பிள்ளைகளாம். அதைக் கேட்டதும் மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன மசூர், செய்வியா?" என்றார் சேர்.

மசூரின் குரலில் கோபம் எதுவும் இல்லை. மரியாதையாக எழுந்து நின்றான். "வாப்பாட்ட கேளுங்க சேர். அவர் சொல்றதச் செய்றன்."

"நீ சொல்லு மகன், நீயே சொல்லு" என்று மச்சான் கெஞ்சினார்.

அவன் தகப்பனின் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்து நின்றான்.