புதியவர்கள் மேடையில் ரைலி

ரைலி ஹாபசாலோவின் முன்பற்கள் நான்கும் ஒரு பிப்ரவரிக் காலையில், பின்லாந்தின் துர்க்கு நகரத்துப் பேருந்து நிறுத்தத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் போயின. வேறு யாருக்காவது என்றால் அது பல் மருத்துவரோடு முடிகிற விஷயம். ரைலி டிரம்பெட் வாசிப்பவள். பல் போனால் உதடு ஊன்றி நிற்க இடமில்லை; வெறும் காற்றுதான் வரும், சுரம் வராது.

அவளுடைய நால்வர் குழு வசந்தகாலம் முடியும்வரை காத்திருந்தது. பிறகு பியானோக்காரன் ஆர்னோ வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டே, "திருவிழாவுக்கு ஒத்துக்கிட்டோம் ரைலி. ஊத ஆள் இல்லாம முடியாது, உனக்கே தெரியும்" என்றான்.

"வேற ஆளைக் கூப்பிட்டுக்கோங்க. நான் என்ன சொல்லப்போறேன்?"

அந்த ஆகஸ்டில் ஜாஸ் திருவிழா நடந்த வாரம் முழுக்க அவள் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள்.

செயற்கைப் பல் பொருத்தியபின் ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்கினாள். பகலில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மாலையில் துணி அலமாரியைத் திறந்து, குளிர்காலக் கோட்டுகளுக்குள் டிரம்பெட்டின் அகன்ற வாயைப் புதைத்து ஊதுவாள். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லை, கேட்கவும் யாருமில்லை. முன்பு அவள் பெயர் வாங்கியதே உச்சஸ்தாயியில்தான். அது திரும்பவே இல்லை. கீழ்ச் சுரங்கள் மட்டும், மூச்சு கலந்து, கரகரவென்று வந்தன. பல வருடம் கழித்து ஒரு நாள் அந்தக் கரகரப்பு அவளுக்கே பிடித்துப்போனது. வாசித்ததைப் பதிவு செய்து திருவிழாவுக்கு அனுப்பினாள்.

தேர்வு செய்யும் இடத்தில் அவளைத் தெரிந்த பழைய ஆட்கள் யாரும் இல்லை. ஆற்றங்கரை முற்றத்தில், புதியவர்கள் மேடையில், பிற்பகலில் அவளைப் போட்டார்கள். கூட வாசிக்க, ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸோடு சீரி என்ற பெண். இசைப்பள்ளி முடித்த கையோடு வந்தவள்.

"பயமா இருக்கு ரைலி" என்றாள் சீரி, மேடைக்குப் பின்னால். "நல்லவேளை நீங்களும் புதுசு. இல்லாட்டி ஓடியே போயிருப்பேன்."

ரைலிக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. "அந்த பேஸைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு தூரம் ஓடுவே?" என்று மட்டும் கேட்டாள். சீரி சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் ஆர்னோ வந்தான். தாடி வெளுத்திருந்தது. ரைலியை ஓரமாக அழைத்தான்.

"அடிப்பாவி, புதியவர்கள்ல உன் பேரைப் பாத்துட்டு காபியைச் சட்டையில கொட்டிக்கிட்டேன். மாத்தச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், விடு."

"முன்வரிசையில உக்காந்து கேக்கறேன். சாயங்காலம் எங்க கச்சேரிக்கு வா. கடைசிப் பாட்டுக்கு மேடையேறு."

"இப்பல்லாம் மேல் சுரம் வராது ஆர்னோ."

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று கைப்பேசியைப் பார்த்தபடியே போனான்.

"நம்ம ஊர் மேடையில முதல்முறையா!" என்று அறிவிப்பாளர் கூவினார். தூறலில் பிளாஸ்டிக் மழைக்கோட்டுகளோடு கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை நாற்காலி ஒன்று காலியாகவே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு ஊதியதில் முதல் பாட்டில் சுரம் பிசகியது. சீரி பயந்து திரும்பிப் பார்த்தாள். அதன்பின் ரைலி அந்தப் பெண்ணின் விரல்களை மட்டும் பார்த்து வாசித்தாள். டிரம்பெட்டின் தாழ்ந்த, கரகரத்த குரல் முற்றத்தில் பரவியது. மழை வலுத்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் ஒரு பெண்மணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?"

"இதே ஊர்லதான். மார்ட்டி பேட்டையில."

சீரியை அவள் வீட்டார் சூழ்ந்துகொண்டு கட்டியணைத்தார்கள். "எங்களோட சாப்பிட வாங்களேன்" என்று சீரி அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தே கூப்பிட்டாள். வேறு வேலை இருப்பதாக ரைலி பொய் சொன்னாள்.

ஆர்னோவிடமிருந்து செய்தி வந்திருந்தது: 'ஒலிச்சோதனை இழுத்துடுச்சு, மன்னிச்சுக்கோ. வர்றேல்ல?'

போனாள். அரங்கத்தின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், டிரம்பெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பாட்டில், அவள் இடத்துக்கு வந்த டிரம்பெட்காரன் உச்சஸ்தாயிக்கு ஏறினான், கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆர்னோ ஒரு கையை நெற்றியில் வைத்து, விளக்கொளியை மறைத்துக்கொண்டு, திரைப்பக்கம் தேடினான். ரைலி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பியானோவுக்குத் திரும்பினான்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவுரா ஆற்றைக் கடக்கும் சின்னப் படகில் நின்றபடி உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கியிருந்தது. இரண்டு நாளாவது ஊத முடியாது. அக்கரையில் இறங்கி, பேருந்துக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்கினாள்.