நிழலில் காய வேண்டிய இலை

எங்கள் பசுவின் முதல் கன்று பிறவிக் குருடு. பால் குடிக்கப் போய்க் கொட்டில் கம்பத்தில் முட்டும். விலகி வந்து மறுபடியும் அதே கம்பத்தில் முட்டும். கொஞ்ச நாளில் செத்தும் போனது. பசு அடுத்த சினை பிடித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் எங்கள் ஊரில் மாட்டை மேயவிட இடம் ஏது? கோடை வந்தால் வைக்கோல்தான் அதற்குச் சாப்பாடு.

"வெறும் வைக்கோலத் திண்டா கண்டு இப்பிடித்தான் பொறக்கும்" என்றார் மாட்டு டொக்டர். பச்சை இலையில் இருக்கும் கரோட்டின் என்ற சத்துத்தான் கண்ணுக்கு வேண்டுமாம். மழைக்காலம் முடியுமுன் இலையை வெட்டி, நிழலில் காயவைத்து, பையில் இறுக்கிக் கட்டி இருட்டில் வைக்கச் சொன்னார். வெயில் பட்டால் சத்துப் போய்விடுமாம்.

வேலியில் நின்ற கிளிசிரிடியா மரங்களை ஒட்ட வெட்டினேன். கொட்டில் கூரைக்குக் கீழே படங்கு விரித்துப் பரப்பி, முழங்கால் வலியோடு குனிந்து குனிந்து புரட்டினேன். பாதி காய்ந்திருக்கும்போது ஊரில் ஒருவர் இறந்து, அந்த மௌத்து வீட்டுக்குப் போக வேண்டி வந்தது.

என் மனுசன் வயல்காரர். வெயிலில் காயாத எதுவும் பூஞ்சணம் பிடிக்கும் என்பது அவருடைய தீர்ப்பு. நெல்லும் அப்படித்தான், கருவாடும் அப்படித்தான். நான் திரும்பி வரும்போது என் இலை முழுவதும் தார் றோட்டில் நெல்லைப்போலப் பரந்து கிடந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"பாரு புள்ள, என்னமா நொறுங்குது! நீ வெச்ச மாதிரி வெச்சா பெருநாளைக்கும் காயாது."

கையில் அள்ளிப் பார்த்தேன். பச்சை போய் வைக்கோல் நிறமாக இருந்தது.

"நிழல்லதான் காயணும் எண்டு சொன்னனே!"

"ஓம், சொன்னாய்தான். நெல்லுக்கு ஒத்துவாற வெயில் இலைக்கு ஒத்துவராதா எண்டு நினைச்சன்."

சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. எனக்கு உதவுவதாக நினைத்துச் செய்த மனிதரை எப்படி ஏசுவது? வேலியும் மொட்டை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகிவிட்டது.

அந்தக் கோடையில் உரப்பையைத் தூக்கிக்கொண்டு நற்பிட்டிமுனைப் பக்கம் வேலி வேலியாக இலை கேட்டுத் திரிந்தேன். கிடைத்ததில் கொஞ்சத்தைப் பச்சையாகவே போட்டேன். மிச்சத்தைக் கட்டிலுக்குக் கீழே காயவைத்தேன். அந்த இலை நாற்றத்துக்கு மேலேதான் அவர் படுத்தார். இது போதுமா என்று யாருக்குத் தெரியும்? பசு தின்னும்போதெல்லாம் அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அலுத்துப் போய்விட்டது.

ஒரு நாள் விடியப் பசு கன்று ஈன்றது. அவர் கொட்டிலுக்குள் வரவில்லை, குசினி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் கன்றின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். அது இமைக்கவில்லை.

"என்ன புள்ள?" என்றார். நான் மறுபடியும் கையை ஆட்டினேன்.

கன்று எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பித் தாயிடம் நடந்தது. நேரே அந்தக் கம்பம். எனக்குப் பார்க்க மனமில்லை, ஆனாலும் பார்த்தேன். கம்பத்துக்குக் கிட்டப் போய் நின்றது. பிறகு ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போய் மடியில் வாய் வைத்தது.

"முட்டல்ல புள்ள! கம்பத்துல முட்டல்ல!" என்று அவர் ஓடி வந்தார்.

பிறந்த உடனே எந்தக் கன்றும் கையை ஆட்டினால் இமைக்காதாம்; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாணி என்றும் பாராமல் அங்கேயே குந்தியிருந்து அழுதேன்.