ஒரு பக்கம் உரிந்தால் போதும்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆடி மாதக் கடைசி. நாங்கள் புனேவுக்கு வந்து ஆகுர்டியில் குடியேறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான், என் மனைவி, ஆறாவது படிக்கும் மகள், மூன்று பேர்தான். மனைவி சட்டம் படிப்பதற்காகவே இந்த ஊருக்கு வந்தோம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினாறு வயதில் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் லாரியில் ஏறினேன். ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் போய்த் துளை போடும் வேலை. படுக்கை லாரிக்கு அடியில். ஒன்பது வருடம் அப்படிப் போனது. அப்புறம் ஓட்டல், தறி, கோழிப் பண்ணை, கன்டெய்னர் லாரி. எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. ஏதாவது தப்பு நடந்துவிட்டால், திட்டு வாங்குவதற்குள் நான் அடுத்த ஊரில் இருப்பேன். கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். ஒரு தடவை நான்கு மாதம்.

மனைவி அப்படி இல்லை. ஈரோட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் டைப் அடித்தவள். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தாள். அடுத்தவர் சொல்லச் சொல்ல மனு அடித்தது போதும், இனி நாமே எழுத வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. நம் பக்கம் இடம் கிடைக்கவில்லை. மகாராஷ்டிராவின் நுழைவுத் தேர்வை எழுதினாள், புனேவில் ஒரு கல்லூரியில் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மூணு வருசம். ஓரெடத்துல இருந்துக்குவீங்களா?"

இருப்பேன் என்றேன். சொல்லும்போது எனக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எனக்கு ஒரு தொழிற்சாலையின் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது. காலை ஐந்தரைக்கு நான் வண்டி எடுக்க வேண்டும், ஏழரைக்கு அவளுக்கு வகுப்பு. மகளுக்குப் பின்னல் போடுவதும் டிபன் கட்டுவதும் யார் முறை என்பதில் தினமும் ஒரு சண்டை. மகளுக்கு மராத்திப் பாடம் சுத்தமாகப் புரியவில்லை. ஒரு மாதம் பள்ளியில் யாரிடமும் பேசாமல் வந்தாள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு தடவை லிஃப்ட்டுக்கு முன்னால் என்னை நிறுத்தி, நீங்கள் எந்தக் கம்பெனியில் இன்ஜினியர் என்று இந்தியில் கேட்டார். டிரைவர் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் படியில் ஏறிப் போய்விட்டார்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். மழையைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஜூனில் தொடங்கியது நிற்கவே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு சுவர் முழுக்க ஈரம். பெல்ட்டில் பூஞ்சை, மகளின் ஷூவில் பூஞ்சை. ஒருநாள் பீரோவைத் திறந்தபோது மனைவியின் சான்றிதழ் ஃபைலின் ஓரம் நமுத்திருந்தது. அந்த ஃபைலுக்குள்தான் எங்கள் மூன்று பேரின் வருங்காலமும் இருந்தது.

அன்று எனக்கு விடுமுறை, அவள் வகுப்பில் இருந்தாள். ஃபைலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் லேமினேஷன் போடச் சொன்னேன். கடைக்காரர் ஒரிஜினலா என்று இரண்டு தடவை கேட்டார். ஒரிஜினல் என்பதால்தான் போடச் சொல்கிறேன் என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமே. கூடவே என் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழையும் கொடுத்துப் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டேன். நான் பள்ளிக்கூடம் போனதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. ஹெவி லைசென்ஸ்கூட அதைக் காட்டித்தான் வாங்கினேன். எல்லாவற்றையும் பழையபடி ஃபைலில் வைத்துவிட்டு, அவளே பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று சும்மா இருந்தேன்.

நான்கு நாள் கழித்து, காலை பதினொன்றரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. பிம்ப்ரியில் தொழிற்சாலை வாசலில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சர்டிபிகேட்டுக்கு லேமினேசன் போட்டது நீங்களாங்க?"

ஆமாம் என்றேன்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். வேறு மாநிலத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து மைக்ரேஷன் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதன் பின்பக்கம் முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை சேர்க்கை தற்காலிகம்தான். இன்று கடைசி நாள். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை வைக்க முடியாது என்று கவுன்ட்டரில் இருக்கும் அம்மா சொல்லிவிட்டார். நான்கு மணிக்குப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். பட்டியலில் இல்லாத பெயருக்கு இடம் இல்லை. ஊரிலிருந்து வேறு நகல் வாங்க வேண்டுமென்றால் ஒரு மாதமாவது ஆகும்.

"உரிக்க முடியுமான்னு பாக்கலாம். நான் லோக்கல்ல வர்றேன். சிஞ்ச்வட் ஸ்டேசனுக்கு வந்துருங்க" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மதிய டிரிப்பை இன்னொரு டிரைவரிடம் தள்ளிவிட்டு, அவருடைய ஸ்கூட்டரையே இரவல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் வர இன்னும் நேரம் இருந்தது. எதிர்ப் பக்கம் ஒரு நெடுந்தூர ரயில் வந்து நின்றது. ஜெனரல் பெட்டி சரியாக என் முன்னால். கதவருகில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் காலை மடக்கி எனக்கு வழிவிட்டார், நான் ஏறப்போகிறேன் என்று நினைத்து. அவர் நினைத்ததில் தப்பில்லை. நான் நடைமேம்பாலம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கம்பியைப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டிருந்தேன். பன்னிரண்டு வருட உழைப்பை நாற்பது ரூபாய் பிளாஸ்டிக்கில் மூடியவனுக்கு அந்த வீட்டில் என்ன வேலை என்று தோன்றியது. ரயில் கிளம்பியது. நான் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவல் ஸ்கூட்டரின் சாவி கையில் இருந்தது. அந்த டிரைவர் மாலை வீட்டுக்கு எப்படிப் போவார் என்ற யோசனை வந்தது. அவ்வளவுதான்.

அவள் வந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. முதலில் அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், இரண்டு தடவை கேட்டேனா இல்லையா என்று அவளிடம் முறையிட்டார். பிளேடால் ஓரத்தைக் கீறிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் கை வைக்க மாட்டேன், கிழிந்தால் பழி எனக்கு என்று நகர்ந்துவிட்டார். மணி ஒன்றரை.

அப்போதுதான் எனக்கு ரேடியம் கடை ஞாபகம் வந்தது. வண்டிகளுக்கு ஸ்டிக்கரும் நம்பர் பிளேட்டும் செய்கிற கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் பஸ் வேறு கம்பெனிக்கு மாறியபோது, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு ரேடியம் கடைக்காரர்தான் பழைய பெயரை உரித்தார். சூடான காற்றை ஊதும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் காட்டிக் காட்டி, ஒரு கீறல் இல்லாமல், பெயிண்ட் பிசிறாமல் எடுத்தார்.

போனோம். அவர் ஒரு மோட்டார் சைக்கிளின் டேங்கில் சிங்கப் படம் ஒட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், மராத்திக்காரர். என் லாரி இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முடியாது என்றார்.

"அண்ணா, கார் கதவுல கீறல் விழுந்தா வேற கதவு மாட்டலாம். இதுக்கு வேற கதவு எங்க இருக்குது?" என்று என்னிடமே கேட்டார்.

என் மனைவி அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் இந்தி என்னுடையதைவிட மோசம். நான்கு மணி என்று விரலைக் காட்டினாள். அதற்கப்புறம் தான் கல்லூரியில் இல்லை என்று கையை விரித்தாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிங்கத்தை அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இதே கடையில் இதே நாளில் போட்ட வேறு காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எதையும் முதலில் ஒரிஜினலில் செய்து பார்க்கக் கூடாது, அது தன் தொழிலில் சட்டம் என்றார்.

அவள் ஃபைலைப் புரட்டினாள். என் மாற்றுச் சான்றிதழ் வந்தது.

"இது எதுக்குங்க இதுக்குள்ள?" என்றாள். முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அதை வாங்கி அவரிடம் கொடுத்தேன். முன்பக்கத்தில் சூடு காட்டினார். பிளாஸ்டிக் நெளிந்தது. மெதுவாக இழுத்தார். என் பெயரும் அப்பா பெயரும் தலைமையாசிரியர் கையெழுத்தும் காகிதத்தின் மேல்தோலோடு சேர்ந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. கீழே வெறும் வெள்ளை. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

அவர் மட்டும் அசரவில்லை. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"சீல் வைக்கிறது எந்தப் பக்கம்?"

பின்பக்கம் என்றேன்.

"அப்ப முன்பக்கத்தை ஏன் தொடணும்? ஒரு பக்கம் உரிஞ்சா போதும்."

முழுவதையும் உரிக்க வேண்டும் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. என் சான்றிதழின் பின்பக்கத்தில் மறுபடி செய்து பார்த்தார். இந்தத் தடவை சூட்டைக் குறைத்து, தள்ளிப் பிடித்து, ஓரத்தில் மீன்பிடி நரம்பு ஒன்றை நுழைத்து, இழுக்காமல் அறுத்துக்கொண்டே போனார். எழுத்து இல்லாத பக்கம் என்பதால் காகிதம் கொஞ்சம் மெலிந்ததே தவிர, தங்கியது. பாதி வரை போய்விட்டு நிறுத்தினார். புரிந்தது என்றார்.

பிறகு மைக்ரேஷன் சான்றிதழைக் குப்புறப் போட்டார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். என்னைப் பார்த்து, மூச்சு விடுவதாக இருந்தால் வெளியில் போய் விடு என்றார். நான் நிஜமாகவே வெளியில் போய் மழையில் நின்றேன். சிங்கத்துக்குச் சொந்தக்காரப் பையன் வண்டி என்னாயிற்று என்று கேட்க, அவர் தலை நிமிராமலே மராத்தியில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். அவன் அடங்கி உட்கார்ந்தான். கண்ணாடி வழியாக மனைவியின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் அது அசையவில்லை.

அவள் திரும்பியபோது மணி இரண்டே முக்கால். ஒரு மூலையில் விரல் நகம் அளவுக்குக் காகிதம் நைந்திருந்தது. மற்றபடி பின்பக்கம் முழுசாக வெளியே வந்திருந்தது. ஆனால் பசை பிசுபிசுத்தது. ரேடியம் கடைக்காரர் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்து அதன்மேல் தூவி, பஞ்சால் ஒற்றி எடுத்தார். நான் பையில் கைவிட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். தாயி என்ன படிக்கிறார் என்று கேட்டார். இங்கே அக்காவைத் தாயி என்பார்கள். சட்டம் என்றேன்.

"நான் எழுதுற நம்பர் பிளேட்டுக்கெல்லாம் போலீஸ்காரன் ஃபைன் போடறான். ஒருநாள் தாயி வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிங்கத்திடம் போய்விட்டார்.

மழையில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு கல்லூரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்குக்குப் பத்து நிமிடம் இருந்தது. வழி நெடுக அவள் ஃபைலைப் புடவைக்குள் அணைத்துப் பிடித்திருந்தாள். கவுன்ட்டர் அம்மா சான்றிதழைத் திருப்பினார். விரலால் தடவினார். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"பவுடர் எல்லாம் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று இந்தியில் சொன்னார். சிரிக்கவில்லை. முத்திரையை மையில் இரண்டு தடவை அழுத்தி, நைந்த மூலையைத் தவிர்த்து, நடுவில் வைத்தார். பதிந்தது.

திரும்பும்போது கட்கியில் ஒரு சிக்னலில் நின்றோம். நான் முன்னால் பார்த்துக்கொண்டே, சிஞ்ச்வட்டில் அந்த ரயில் பெட்டிக்கு எதிரில் நின்றதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

"எந்த ஊருக்குப் போற வண்டின்னாவது பாத்தீங்களா?"

"இல்ல."

"அதையுங்கூட யாருகிட்டயும் கேக்கல" என்றாள். கொஞ்சம் கழித்து, "என்னையக் கேட்டிருக்கலாமுங்க. ஒரு வார்த்தை. நான் என்ன சொல்லிப்போடப் போறேன்?"

சிக்னல் விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

அவள் இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். கல்லூரியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் முதலில் கொடுக்கிறாள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன், புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கிறேன், மகள் சிரித்தாலும் கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகும் அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை நான் நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த நாளிலிருந்து கிளம்பிப் போய்விடலாம் என்ற எண்ணம் வருவது குறைந்திருக்கிறது, அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.