ஐந்து கிடேரிகளும் ஒரு ஏக்கர் கம்பும்

ஊரப்பாக்கத்துக்குப் பின்னால் என் மாமனாருக்கு ஒரு ஏக்கர் இருந்தது. கம்பெனி வேலையை விட்டிருந்த என் கணவர் அதில் மாட்டுத் தீவனத்துக்காகக் கம்பும் காராமணியும் விதைத்தார். ஐந்து கிடேரிக் கன்றுகளை வாங்கி, சினைப் பருவம் வரை வளர்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமைதோறும் தையல் டேப்பால் கன்றுகளின் மார்புச் சுற்றை அளப்பது என் வேலை. சுற்று கூடினால் எடையும் கூடுகிறது என்று அர்த்தம்.

கம்பு இடுப்புயரம் வந்ததும் ஐந்தையும் அவிழ்த்துவிட்டோம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை மேய்ந்தன. முதல் இரண்டு வாரம் சுற்று நன்றாகவே கூடியது. பிறகு நின்றுவிட்டது. ஒரு செவலைக் கன்றுக்கு இடுப்பெலும்பு துருத்தத் தொடங்கியது. சந்தையிலிருந்தே ஏதோ வியாதியோடு வந்திருக்கிறது என்று பயந்து அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார்.

கால்நடை டாக்டர் வந்தார். கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தார், சாணத்தை எடுத்துப் போனார். மறுநாள் திரும்பி வந்து, மாடுகளை விட்டுவிட்டு நிலத்தில் இறங்கினார்.

"சார், இங்க பயிர் ரெண்டு விரல் உயரங்கூட இல்லியே?"

"மழை இருக்கு டாக்டர். தளிர் வந்துகிட்டேதான் இருக்கு."

"வர்ற தளிர அன்னிக்கே கடிச்சிடுது. இலையே இல்லாம பயிர் எப்படித் தழையும்? ஒரு வாய் தீனிக்கு நிலம் பூரா நடக்குது. தின்னதெல்லாம் நடக்கவே சரியாப் போயிடுது. வியாதி ஒண்ணும் இல்ல. இந்த இடத்துக்கு அஞ்சு ரொம்ப அதிகம்."

எனக்கு வந்த நிம்மதியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் முகம் மட்டும் சுருங்கிப்போனது. "அப்போ நான்தான் பட்டினி போட்டிருக்கேனா?" என்று என்னைக் கேட்டார். நானும் வாராவாரம் டேப்போடு அங்கேதான் நின்றிருந்தேன். தரையை ஒருநாளும் பார்த்ததில்லை.

கோவிலம்பாக்கத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றும் அக்கா ஒருத்தி எங்களுக்குப் பழக்கம். செவலையையும் இன்னொன்றையும் வண்டியில் ஏற்றி அவளிடம் கொண்டுபோனோம்.

"இன்னா டீச்சர், வெறும் எலும்பா இட்டுகினு வந்துகீறே? வுட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மிச்சம் மூன்றையும் மூன்று வாரம் கொட்டகையில் கட்டி, வைக்கோலும் புண்ணாக்கும் போட்டோம். நிலம் திரும்பப் பச்சை பிடித்தது. பிறகு கயிறு கட்டி அதை நான்காகப் பிரித்தோம். முழங்கால் உயரம் வந்த பகுதியில் மட்டும் மேயவிட்டு, ஒரு சாண் மிச்சமிருக்கும்போதே அடுத்ததற்கு ஓட்டினோம். இவ்வளவு தீனியை விட்டுவிட்டு ஓட்டுகிறோமே என்று முதலில் அவருக்கு மனசே வரவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை மூன்றுக்கும் சுற்று கூடியிருந்தது. நம்பாமல் டேப்பை வாங்கி அவரே அளந்தார். அதற்கடுத்த வாரமும் கூடியது.

அன்று மத்தியானம் கோவிலம்பாக்கத்திலிருந்து போன் வந்தது. "டீச்சர், உன் செவலை தொட்டியவே நக்கிக்கினு கீது. ஒடம்பு புடிச்சிகிச்சு. வந்து பாரு."

நான் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும், அவர் இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.