கல்வாழையும் என் மூக்கும்

தொண்ணூறுகளில், போத்தனூரில் என் வீட்டுக்குப் பின்னாலிருந்த குடிசைப் பகுதியில் பொதுக் கழிப்பறை கட்டினார்கள். கழிவுநீரை ஜல்லி நிரப்பிய கல்வாழைப் பாத்தியில் விட்டால் சுத்தமாகிவிடுமாம். ஒரு செடியின் வேரை அவ்வளவு தூரம் நம்ப நான் தயாராக இல்லை. அடுத்த மாதமே கொல்லைப்புறம் நாறியது. “துர்நாற்றத்தின் மூலத்தைக் கண்டறிந்து உடனே மூட வேண்டும்” என்று மனு எழுதி, தெருவெல்லாம் கையெழுத்து வாங்கினேன்.

ஆதாரம் பிடிக்கப் பாட்டிலோடு போனேன். கழிப்பறையை நடத்திய மகளிர் குழுவின் சரசு, “மூடிப்போடாதீங்க சார். எங்க பொம்பளைங்க மறுபடியும் தண்டவாளத்துக்குத்தானுங்க போகோணும்” என்றார்.

பாத்தியின் கடைசிக் குழாயில் நீர் பிடித்து முகர்ந்தேன். வாடையே இல்லை. நல்ல தண்ணீரைக் கலந்திருப்பார்களோ என்று சந்தேகித்தேன்.

“அப்போ நாத்தம் எங்கிருந்து வருது?”

“வாங்க, காட்டறனுங்க.”

என் மதிலருகே வந்ததும் மூக்கைப் பொத்தினேன். விரிசல் விட்ட என் செப்டிக் டேங்க் அவர்கள் பக்கம் கசிந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“சங்கடப்படுவீங்கன்னு உட்டுப்போட்டோமுங்க.”

மனுவில் கேட்டபடியே, மூலத்தை மூட மறுநாள் கொத்தனாரை அழைத்தேன். மனுவைக் கிழித்துவிட்டேன். காரணத்தை மட்டும் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. தெருக்காரர்கள் இன்னும் கல்வாழையைத்தான் சந்தேகிக்கிறார்கள்.