மணியம் அண்ணன் கைலியை அவிழ்த்த காலை

மண் தோண்டும் என் பேக்கோ வண்டி முன்னால் எவன் வந்து நின்றாலும் நான் என்ஜினை அணைத்ததே இல்லை.

பொய். பீடோர் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில், ஒரு காலை அணைத்தேன்.

லயத்து வீடுகளை உடைக்கும் வேலை. மற்றவர்கள் புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மணியம் அண்ணன் மட்டும் கடைசி வீட்டில் இருந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். உள்ளே அவர் மனைவி, ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்த படுக்கை. அவர்களுடைய புது வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை; கரண்ட் இல்லாமல் மெஷின் ஓடாது.

"கரண்ட் மட்டும் வரட்டும், நானே காலி பண்ணிட்டுப் போறேன்லா," என்று சூப்பர்வைசர் சேகரிடம் கெஞ்சினார்.

"இன்னிக்கே உடைக்கணும், பாஸ் ஆர்டர். அக்காவத் தூக்கிட்டு வெளிய வாங்க."

மணியம் அண்ணன் என் வண்டி முன்னால் வந்து சட்டையைக் கழற்றினார். புழுக்கம் போல என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். அடுத்து கைலியையும் அவிழ்த்துப் போட்டார். உள்ளே ஒன்றும் இல்லை.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போனை எடுத்தார்கள். "லைவ் போடு மச்சான்!" என்று ஒருத்தன் சிரித்தான்.

சேகர் அசரவில்லை. "அவுத்துப் போட்டா நாம வெக்கப்பட்டு நிறுத்திடுவோம்னு பாக்குறாரு, இதெல்லாம் பழைய டிரிக்குலா. போனத் திறந்தா இதவிட மோசமா வருது. எவனுக்கு இப்ப வெக்கம்? நீ உடைடா!"

அவன் சொன்னது போலத்தான் நடந்தது. சிரிப்பு கூடியது. ஒருவர்கூட தடுக்க வரவில்லை.

ஆனால் எங்கள் தொழிலில், பக்கத்தில் ஆள் இருந்தால், சிக்னல்மேன் என் முகத்தைப் பார்த்துக் கை காட்டாமல் மண் வாரும் பக்கெட் அசையக் கூடாது. அன்றைக்கு சிக்னல்மேன் குமார், அதே லயத்தில் வளர்ந்தவன். எனக்கும் அவனுக்கும் நடுவில் மணியம் அண்ணன். என்னைப் பார்த்தால் அவரையும் பார்த்தாக வேண்டும். குமார் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"டேய், கை காட்டுடா!" என்று சேகர் கத்தினான்.

"முடியாதுண்ணே. அவரு எனக்கு மாமா முறை. வேலை போனா போவட்டும்."

சேகரே வந்து கை காட்டினான். அவன் காட்டிய சைகைப்படி பக்கெட்டை அவன் தலையில்தான் இறக்க வேண்டும். ஆசையாகத்தான் இருந்தது. என்ஜினை அணைத்தேன்.

"சிக்னல்மேன் இல்லாம ஓட்ட மாட்டேன்." வீரம் இல்லை, குரல் கீச்சென்று வந்தது.

இறங்கிப் போய்க் கைலியை எடுத்து நீட்டினேன். "கட்டிக்குங்கண்ணே."

"மொதல்ல வண்டிச் சாவியக் குடு."

கொடுத்தேன். அப்புறம்தான் கட்டினார். கரண்ட் வந்து அவர்கள் போன பிறகே அந்த வீட்டை உடைத்தேன்.

துணியை அவிழ்த்தால் இப்போதும் பலிக்குமா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். போனில் பார்க்கிறவனிடம் பலிக்காது. முறை சொல்லிக் கூப்பிட்டவன் ஒருத்தன் எதிரில் நின்றால் பலிக்கும். ஆனால் பலித்த பிறகும் அவிழ்த்தவர் அவிழ்த்தவர்தான். புந்தோங் ஊர்க் கடைகளில் அந்த வீடியோவை இன்னும் காட்டிச் சிரிக்கிறார்கள்.

போன வாரம் அவருடைய புது வீட்டுக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அக்கா தூங்கினார். மணியம் அண்ணன் என்னை வெளியே கூட்டி வந்து மெதுவாகக் கேட்டார்.

"கோலாலம்பூர்ல இருக்கற எம் மக அதப் பாத்திருப்பாளாடா?"

நான் அவர் தோளில் கை வைத்து...

"அண்ணே! லோரி வந்துருச்சு, மண்ணு ஏத்தணும். வாங்கலா!"

இதோ, குமார் கூப்பிடுகிறான். கதையை இங்கேயே விட்டுப் போகிறேன்.