கழற்றிய செயின் கவர்

பெண்களுக்கு ஸ்கூட்டிதான் என்று எங்கே எழுதியிருக்கிறது? நான் முதன்முதலில் வாங்கியதே கியர் உள்ள மோட்டார் சைக்கிள்தான். சாய்ந்தமருது இளைஞர்களின் வண்டிகளைப் பார்த்து, அழகுக்காகச் செயின் கவரையும் கழற்றிவிட்டேன்.

பாலமுனை கடற்கரை வீதியில் என் அபாயாவின் ஓரத்தைச் செயின் இழுத்துக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது. என்னால் இறங்க முடியவில்லை. சைக்கிளில் வந்த மீன் வியாபாரி ஒருவர், மீன் வெட்டும் கத்தியை என்னிடம் நீட்டிவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றார்.

“வெட்டி எடுங்க தங்கச்சி. நான் பாக்கமாட்டன்.”

வெட்டிவிட்டுக் கத்தியைக் கொடுத்தேன். “கவரப் போட்டுட்டு வண்டிய ஓடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் என் உம்மா, “வண்டிய வித்துப்போடு” என்றார். பக்கத்து வீடுகளும் அதையே சொல்லின. நான் கராஜுக்குப் போனேன்.

“கவர் போட்டா வடிவு போயிரும்” என்றார், நான் அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் கராஜ்காரர்.

“வடிவு போனாப் போகட்டும், நானா. நான் போகணும்.”

ஓரம் வெட்டிய அந்த அபாயாவோடுதான் இன்றும் அதே வீதியில் போகிறேன். வண்டியை விட்டு இறங்கச் சொல்கிறவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓடச் சொன்னவர் ஒருவர்தான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.